ராபின்வேலில் தண்ணீர் கொடுத்த அக்காவுக்கு

ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்து மர்ரே ஆற்றங்கரையில் இருக்கிறது ராபின்வேல். அங்கேதான் திராட்சை பறிக்கிறேன். சின்ன ஊர். ஆனால் கடைத்தெருவில் பத்து நிமிடம் நின்றால் டோங்கா, வியட்நாமியம், மலாய், இத்தாலி என்று நாலு மொழி காதில் விழும்.

போன பிப்ரவரியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிய ஒரு நாள், கொடி வரிசைக்குள்ளேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த டோங்கா நாட்டு அக்கா ஓடி வந்தார். நிழலுக்குக் கூட்டிப்போய், தன் தலைத்துணியை நனைத்து என் கழுத்தில் சுற்றினார். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தார். எங்களுக்குப் பெட்டிக் கணக்கில்தான் கூலி. எனக்காக அரை மணி நேரக் கூலியை விட்டுக்கொடுத்தார்.

அப்புறம் தொழிலையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். குலையைக் காம்பில் பிடித்துத்தான் கத்தரிக்க வேண்டும். பழத்தில் விரல் பட்டால் மேலே படிந்திருக்கும் வெண்பொடி அழிந்துவிடும், பெட்டியில் பார்க்கப் பழசாகத் தெரியும். இதையெல்லாம் என் கையைப் பிடித்தே காட்டினார்.

சீசன் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டார். அக்கா, நீங்கள் சொல்லிக்கொடுத்த வார்த்தையிலேயே சொல்கிறேன்: மாலோ அவுபித்தோ. ரொம்ப ரொம்ப நன்றி.