கரிசலுக்குள் எந்த வண்டி?

அலங்காநல்லூர்,
ஆவணிக் கடைசி

அன்பு மாப்ளே,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. இங்கே முதல்போக நெல் கதிர் வாங்கி நிற்கிறது. அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வைத்தாயிற்று. இனி மழைதான் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

உன் கரிசல் நிலத்துக்குக் கேபின் வைத்த வண்டி எது வாங்கலாம் என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். மருமகன் டெக்சாஸில் வாங்க நினைத்து அனுப்பிய தோட்ட வண்டிப் படங்களைப் பார்த்தேன். நாலு பக்கமும் அடைத்த கேபின், உள்ளே ஏ.சி., பின்னால் சின்னத் தொட்டி. பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். அந்த ஊருக்கு அது சரியான வண்டிதான். போலாரிஸ் ரேஞ்சர் எக்ஸ்.பி. 1000 என்றால் 82 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், தொட்டியில் 450 கிலோ ஏற்றலாம். குபோட்டா ஆர்.டி.வி. எக்ஸ்1100சி டீசல் வண்டி. மூன்று சிலிண்டர், 25 குதிரைத்திறனுக்குக் கொஞ்சம் குறைவு, தொட்டியில் 500 கிலோ, கம்பெனியிலிருந்தே ஏ.சி. கேபினோடு வருவது. தோட்ட வேலைக்கு எது என்று அவன் கேட்டால் இரண்டாவதைச் சொல். காரணம் குதிரைத்திறன் இல்லை. ரேஞ்சர் மாதிரி வண்டிகளில் எஞ்சினின் இழுவை சக்கரத்துக்குப் போவது ரப்பர் பெல்ட் வழியாக. சுமையோடு மெதுவாக ஏறும்போது ‘ஹை’ என்ற வேகக் கியரில் ஓட்டினால் பெல்ட் கப்பியைப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் ஒரே இடத்தில் கருகிப் பள்ளம் விழும், பிறகு அறுந்துவிடும். ஓடைத் தண்ணீர் பெல்ட் பெட்டிக்குள் போனாலும் இதே கதைதான். சுமை இருந்தால் எப்போதும் ‘லோ’ என்ற மெதுக் கியரில் ஓட்டச் சொல். குபோட்டாவில் பெல்ட் கிடையாது, எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது. எண்ணெயையும் ஃபில்டரையும் நேரத்துக்கு மாற்றினால் போதும்.

அவன் அதை வாங்குவதில் பன்றி வேட்டையும் ஒரு நோக்கம் என்று எழுதியிருக்கிறாய். அங்கே அது செல்லும். காட்டுப்பன்றி அந்த நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த பிராணி. டெக்சாஸில் தனியார் நிலத்தில், நிலத்துக்காரர் சம்மதத்தோடு சுட 2019-லிருந்து வேட்டை உரிமம்கூடத் தேவையில்லை. அதையே நீ சாப்டூர் மலையடிவாரத்தில் செய்ய நினைத்தால் கதை வேறு. 1972 வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்காகிக் குற்றம் நிரூபணமானால் துப்பாக்கி மட்டுமில்லை, ஓட்டிப் போன வண்டியும் அரசாங்கத்துக்குப் போய்விடும். 2025 ஜனவரியில் காட்டுப்பன்றி பற்றித் தமிழ்நாட்டில் வந்த அரசாணையைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டு பேசுகிறார்கள். காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவே கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள்தான். உன் நிலம் முதல் வட்டத்துக்குள்ளேயே வருகிறது. பக்கத்துக் காடு 2021-லிருந்து புலிகள் காப்பகம் வேறு. ஆகவே உன் வண்டிக்கு வேட்டை என்ற வேலையே இல்லை. ராக்காவலுக்குப் போகிற வண்டி என்று வைத்துக்கொள். காவலுக்கு வேண்டியது உட்கார்ந்து கண் முழிக்க ஒரு கேபின், அவ்வளவுதான்.

அந்த வகை வண்டியை இங்கே இறக்குமதி செய்யும் யோசனையை விட்டுவிடு. ஊருக்கும் நிலத்துக்கும் நடுவே 4 கிலோமீட்டர் தார்ச்சாலை இருக்கிறது. பதிவு எண் இல்லாத வண்டி அதில் ஏறக்கூடாது, இன்சூரன்ஸும் நிற்காது. ஒரு பெல்ட்டோ டிரைவ் ஷாஃப்டோ போனால் கப்பல் வரும்வரை வண்டி தொழுவத்தில் கட்டின மாடுதான்.

சரி, நம் ஊரில் கிடைப்பதைப் பார்ப்போம். ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போ. வாய்க்கால் மேலே போட்ட குழாய்ப் பாலத்தின் அகலம், தோப்புக் கேட்டின் அகலம், கிணற்றடியில் வண்டி திரும்புகிற இடம், இந்த மூன்றையும் அள. மஹிந்திராவின் டபுள் கேபின் பிக்கப்பான பொலேரோ கேம்பர் அகலம் 1670 மி.மீ., ஐந்தரை அடி. இசுசு வி-கிராஸ் பிக்கப் ஆறடியைத் தாண்டும், நீளமும் 5.3 மீட்டர். கண்ணாடி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருப்பது இந்தக் கணக்கில் வராது. அப்புறம் டிராக்டர் தடத்தின் ஆழம். இரண்டு தடத்துக்கும் நடுவில் மேடாக நிற்கும் மண்ணின் உயரத்தை அளந்து பார். பிக்கப்பில் தரையைத் தொடுவது கதவோ படியோ இல்லை. பின் ஆக்சிலின் நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் குண்டு. அது மேட்டில் உட்கார்ந்துவிட்டால் பின்சக்கரம் சும்மா சுற்றும். தடத்தில் கிராவல் அடித்து அந்த மேட்டோடு சமன் செய்ய ஒரு நாள் ஜே.சி.பி. போதும். பெரிய வண்டி வாங்குவதைவிட அது மலிவு.

அடுத்தது எடை. விளம்பரத்தில் 1 டன் என்று போட்டால் உடனே 1 டன் உரம் என்று எண்ணாதே. ஏறும் ஆளும் எடைதான். கேபினில் ஐந்து பேர் உட்கார்ந்தால் 350 கிலோ போயிற்று. தொட்டிக்கு மிச்சம் 650 என்று வைத்துக்கொள்வதே நல்லது. அது 45 கிலோ யூரியா மூட்டையில் 14. தண்ணீர் என்றால் 200 லிட்டர் பீப்பாய் மூன்று. உரிக்காத தேங்காய் ஒன்று ஒன்றேகால் கிலோ என்றால் 500 காய். உன் தோப்பு வெட்டுக்கு இரண்டு நடை ஆகும், அதற்கென்று பெரிய வண்டி வேண்டாம்.

ஒற்றைக் கேபினா, இரட்டைக் கேபினா என்று கேட்டிருந்தாய். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: இரட்டை. களையெடுக்க, பருத்தி எடுக்க வரும் பொம்பளை ஆட்களைக் குட்டி யானையின் பின்தொட்டியில் நிற்க வைத்துக் கூட்டிப் போவது நம் பக்கம் தினசரிக் காட்சி. சரக்கு வண்டித் தொட்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு; அப்படிப் போகும்போது விழுந்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான், நஷ்டஈடு உன் தலையில். டபுள் கேபினில் ஓட்டுநரோடு ஐந்து பேர் முறையாக உட்காரலாம். பதினைந்து பேர் வேண்டுமென்றால் நாலு நடை, அல்லது ஆளுக்குத் தனி வண்டி சொல்லு.

என் கணக்கில் உனக்குப் பொருந்துவது பொலேரோ கேம்பர். 2523 சி.சி. டீசல், 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர் இழுவை. வேகம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் உசிலம்பட்டியிலும் பேரையூரிலும் பொலேரோவைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குக்குப் பஞ்சமில்லை, உதிரியும் அன்றைக்கே கிடைக்கும். டாடா யோதாவில் 2.2 லிட்டர் எஞ்சின், 100 குதிரைத்திறன். வாரம் நாலு நாள் ஒன்றரை டன் ஏற்றுகிறவனுக்கு அது. வி-கிராஸ் 163 குதிரைத்திறனோடு சொகுசாகப் போகும். அந்த விலைக்குக் கேம்பரும் வாங்கி மீதியில் ஒரு மினி டிராக்டருக்கு முன்பணமும் கட்டலாம்.

நாலு சக்கர இழுவை வேண்டுமா? உன் நிலம் செவலாக இருந்தால் வேண்டாம் என்பேன். கரிசல் என்பதால் யோசிக்க வேண்டியிருக்கிறது. மழை பெய்த கரிசலில் டயர் மூன்று சுற்றுச் சுற்றுவதற்குள் பட்டன் இடுக்கெல்லாம் மண் அப்பி, டயர் சேறு பூசின உருளையாகிவிடும். அப்புறம் எத்தனை சக்கரம் இழுத்தாலும் வழுக்கல்தான். ஈரம் மேலோடு மட்டும் இருக்கும்போது நாலு சக்கர இழுவை காப்பாற்றும். கணுக்கால் புதையும் சேற்றில் அது உன்னை இன்னும் பத்தடி உள்ளே கொண்டுபோய் மாட்டிவிடும். மழை விட்டு இரண்டு நாள் பொறுப்பதுதான் வழி. அதற்குள் உள்ளே விட்டால் வண்டித் தடத்தில் மண் இறுகி அடுத்த வெள்ளாமைக்கு வேர் இறங்காது.

வாங்கினால் இதை ஓட்டுகிற பையனிடம் சொல்லி வை: ‘ஃபோர் லோ’, அதாவது நாலு சக்கர இழுவையின் மெதுக் கியர், போடுவது வண்டி நின்றபின். தார்ச்சாலை ஏறும் முன் டூ வீலுக்கு மாற்றிவிட வேண்டும். திருப்பத்தில் முன்சக்கரம் ஓடும் தூரம் வேறு, பின்சக்கரம் ஓடும் தூரம் வேறு. மண்ணில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டும், தாரில் வழுக்க முடியாமல் கியர் பெட்டி முறுக்கிக்கொள்ளும். காலி பிக்கப்புக்குப் பின்பக்கம் எடையே இருக்காது, அதனால் பின்சக்கரம் சும்மா சுற்றும்; மூன்று மண் மூட்டை ஆக்சிலுக்கு நேர் மேலே போட்டால் பாதித் தொல்லை தீரும். சிக்கிக்கொண்டால் டயர் காற்றை 20-க்கு இறக்கி மெதுவாக ஏறலாம், சுமை இல்லாதபோது மட்டும். தொட்டியில் ஒரு காற்றுப் பம்ப் இருக்கட்டும். இறக்கின காற்றை அடிக்காமல் சாலையில் போனால் டயரின் பக்கச் சுவர் சூடேறிக் கிழிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் சக்கரக் குழியில் அப்பிய மண்ணை ஈரத்திலேயே களைக்கொத்தால் சுரண்டிவிட வேண்டும். காய்ந்தால் செங்கல்தான், பிரேக் குழாயை உரசி உரசி அறுத்துவிடும்.

இப்போது யாரும் கடையில் சொல்லாத ஒரு விஷயம். பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்க டி.பி.எஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரி எரிந்து போக, புகைக்குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். வீட்டிலிருந்து கிணற்றுக்கு 4 கிலோமீட்டர், அங்கே எஞ்சினை ஓடவிட்டு அரை மணி, திரும்ப 4 கிலோமீட்டர் என்று ஓட்டினால் அது சூடே ஆகாது. கரி சேர்ந்து சேர்ந்து விளக்கு எரியும், பிறகு வண்டி இழுக்காது, கடைசியில் பணிமனையில் பெரிய செலவு. பத்து நாளைக்கு ஒருமுறை திருமங்கலம் நாலுவழிச் சாலையில் ஏறி, 60 வேகத்துக்குக் குறையாமல் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டு. அந்த விளக்கு எரியும்போது எஞ்சினை நிறுத்தவே கூடாது, அதையும் பையனிடம் சொல். மாதம் ஒருமுறைகூட வெளிச்சாலைக்குப் போக மாட்டேன் என்றால் உனக்கு டீசல் பிக்கப் வேண்டாம். டிரெய்லரோடு ஒரு சின்ன டிராக்டர் வாங்கு, கேபின் ஆசையை விடு.

கேபின் ஏ.சி. பற்றி. சோளத் தட்டை அறுக்கும் காலத்தில் தூசியும் பருத்திப் பஞ்சும் முன்னால் இருக்கும் கண்டென்சரில் கம்பளிபோல ஒட்டிக்கொள்ளும், ஏ.சி. குளிராது, எஞ்சினும் சூடேறும். வாரம் ஒருமுறை உள்ளிருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவு. பக்கத்தில் பிடித்து வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும். ஏர் ஃபில்டரையும் உள்ளிருந்து வெளியேதான் ஊத வேண்டும். மண் பாதையில் ஜன்னலை மூடி ஃபேனைப் போட்டு வை. உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கதவிடுக்கில் தூசி ஏறாது. மருந்தடிக்கும் நாளில் மட்டும் கேபின் காப்பாற்றும் என்று நம்பாதே. சாதா ஃபில்டர் தூசியைத்தான் பிடிக்கும், மருந்து ஆவியைப் பிடிக்காது. காற்று வரும் திசையில் வண்டியை நிறுத்து.

காவலுக்குக் கூரை மேலே நீள எல்.இ.டி. கம்பி போட வேண்டாம். சாலையில் போலீஸ் அபராதம், காட்டோரத்தில் வனத்துறைச் சந்தேகம். முன்னால் இரும்புக் கம்பி பொருத்துவதும் 2017-லிருந்தே கூடாது. தொட்டிப் பக்கம் 27 வாட் வேலை விளக்கு இரண்டு போதும். ரிலேயும் 10 ஆம்பியர் ஃபியூஸும் வைத்து பேட்டரியிலிருந்து தனி ஒயர் இழு, எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டுப் பூட்டு. ஹெட்லைட் ஒயரில் ஒட்டுப் போட்டால் வாரண்டி போகும். விளக்கைக் கண்டு பன்றி நாலு நாள்தான் பயப்படும். அதை நிறுத்துவது சோலார் வேலி: கீழ்க் கம்பி ஒரு சாணுக்கு மேல் உயரக்கூடாது, மூக்கை நுழைக்கிற இடம் அதுதான். அந்தக் கம்பியில் புல் பட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், வாரம் ஒருமுறை அடியைச் செதுக்கு. 2023 விதிப்படி வேலியைப் பதிவு செய்துவிடு.

காகித விஷயம்: மஞ்சள் போர்டாகத்தான் வரும். மொத்த எடை 3000 கிலோவுக்கு மேல் போகாவிட்டால் பர்மிட் வேண்டாம், எஃப்.சி. என்ற தகுதிச் சான்று முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம். உன்னிடம் இருக்கும் கார் லைசென்ஸே போதும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் 7500 கிலோ வரை அது செல்லும் என்று தீர்த்துச் சொல்லிவிட்டது.

பழைய வண்டி என்றால் தொட்டியின் ரப்பர் பாயைத் தூக்கிப் பார். பொட்டாஷும் யூரியாவும் ஏற்றிக் கழுவாமல் விட்ட வண்டியில் தகடு சல்லடையாகியிருக்கும். பின் பட்டை ஸ்பிரிங் சேஸியில் தொங்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டு. கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் துரு உள்ளே போயிருக்கிறது, விலை பேசாமல் வந்துவிடு. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து வை, புகை குபுகுபுவென்று வந்தாலும் அப்படியே.

குழாய்ப் பாலத்தின் அகலத்தை அளந்து எனக்கு எழுது. ஆறடிக்குக் குறைந்தால் முதலில் அதை அகலப்படுத்தும் கொத்தனாரைத்தான் தேட வேண்டியிருக்கும். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மச்சான்