வெளிறிய உடலும் பச்சை மாறாத முனைகளும்

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு வெளிவந்த பழைய வீட்டுச் சாமான்கள் பற்றிய கட்டுரையில், உடலும் துணைப்பாகங்களும் ஒரே நிறத்தில் இல்லாவிட்டால் அது பல மெசின்களிலிருந்து சேர்த்த கலப்புச் சாமான் என்று எழுதப்பட்டிருந்தது. அது பிழை. என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

1964இல் சிங்கப்பூரில் வேலைபார்த்த சித்தப்பா கப்பலில் கொண்டுவந்த வக்யூம் கிளீனர் அது. இரும்புத் தகட்டு உருளை, இலைப்பச்சை நிறம். நீட்டுக்குழாய் இரண்டு, கதிரை மெத்தைக்குப் பிடிக்கும் சின்ன முனை, வட்ட பிரஷ் எல்லாம் அதே பச்சை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா அதை இயக்கினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள்.

போர் யாழ்ப்பாணத்தை நெருங்கிய 1995 ஒக்ரோபர் 30 இரவு, ஊரைவிட்டு வெளியேறிய எல்லோரோடும் நாங்களும் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தோம். அடுத்த வருடம் திரும்பியபோது விறாந்தைக்கு ஓடு இல்லை. அங்கே கிடந்த உருளை வெயிலில் வெளிறிச் சாம்பல் பூத்திருந்தது. நிலத்தைப் பார்த்துக் கிடந்த பக்கம் மட்டும் பழைய பச்சை. முனைகளை அம்மா பத்திரிகைத்தாளில் சுற்றிப் பெட்டகத்தில் வைத்திருந்தார். அவை வந்த அன்றுபோலவே இருந்தன.

சென்ற வருடம் பார்க்க வந்த ஒரு வியாபாரி, முனைகள் வேறு மெசினுடையவை என்றார். எல்லாவற்றுக்கும் ஒரே பெயின்ற் அடித்து விற்கலாம் என்றும் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை.

வெயிலின் புறஊதாக் கதிர் சாயத்தைச் சிதைக்கிறது. வெள்ளை, கிறீம் நிறப் பிளாஸ்டிக் பல வருடத்தில் மஞ்சளாகிறது. பேக்லைட் என்ற பழைய கடினப் பிளாஸ்டிக் வெளிச்சத்தில் தானாகவே கறுக்கும். அதனால்தான் அந்தக் காலத்துச் சுவிச்சும் பிளக்கும் பெரும்பாலும் கறுப்பிலும் மண்ணிறத்திலும் வந்தன. தகட்டில் அடித்த பெயின்ற், பிளாஸ்டிக், றப்பர், ஹோஸில் சுற்றிய துணி நான்கும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை. பெயின்ற் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பிளாஸ்டிக் இளகிவிடும். சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.

நிறத்தை அவசியம் பார்க்கவேண்டிய இடம் வயர். பழைய பிரித்தானிய வயரில் சிவப்பில் மின்சாரம் வரும், கறுப்பு நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் வயர்), பச்சை எர்த் (நிலத்தோடு இணைக்கும் பாதுகாப்பு வயர்). 1969இல் அங்கே மெசின்களின் வயருக்கு இதை மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள் என்று மாற்றினார்கள். அமெரிக்க வயரிலோ கறுப்பில்தான் மின்சாரம் வரும். அந்த மெசின்கள் 120 வோல்ற்றுக்குச் செய்தவை, எங்கள் 230இல் நேரே கொடுத்தால் மோட்டர் எரியும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சாமானுக்குப் புதுப் பிளக் பூட்டுமுன் வயர் வேலை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

பரணிலோ பெட்டகத்திலோ முனைகள் கிடந்தால், நிறம் ஒவ்வவில்லையென்று பழைய இரும்புக்குப் போடாதீர்கள். குழாயின் வாயில் கொழுவிப் பாருங்கள். இறுக்கமாகப் பொருந்தினால், முனையின் நிறத்தை உருளையின் அடிப்பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கொக்குவில்.