அன்கைலோசாரஸ் பொம்மை, அதனுடன் வந்த கையேடு குறித்துப் புகார்

அனுப்புநர்: வாடிக்கையாளர், கொடைக்கானல்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: உடைந்த வாலும் கையேட்டின் தவறான தகவல்களும்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் மகளின் எட்டாவது பிறந்தநாளுக்கு அன்கைலோசாரஸ் என்ற கவச டைனோசரின் உங்கள் பொம்மையை 1,250 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பார்சல் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. அது பரவாயில்லை, மலைக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ஆனால் பெட்டியைப் பிரித்த இரண்டாம் நாளே வால் நுனியில் இருக்கும் குண்டு கழன்று அவள் கையோடு வந்துவிட்டது. பசை போட்டு ஒட்டினேன், நிற்கவில்லை.

உங்கள் எண்ணுக்கு இரண்டு முறை பேசினேன். வேறு பொம்மை அனுப்புகிறோம் என்றார்கள். சரி. அப்புறம் கையேட்டில் உள்ள தவறுகளைச் சொன்னதும், "குழந்தைங்க பொம்மைதானே மேடம்" என்று வைத்துவிட்டார்கள். அந்தப் பதிலால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். பொம்மையை விட என் மகள் அந்தக் கையேட்டைத்தான் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினாள்.

மூன்றாம் பக்கத்தில் இது சிறு விலங்குகளை வேட்டையாடித் தின்னும் என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அன்கைலோசாரஸ் சுத்தமான தாவர உண்ணி. அதன் பற்கள் இலை வடிவத்தில், அந்தப் பெரிய உடம்புக்குப் பொருந்தாத அளவு சிறியவை. தரையோடு வளரும் செடிகளை அலகு போன்ற வாயால் பறித்துத் தின்று, அகன்ற வயிற்றில் வைத்து மெதுவாகச் செரித்த விலங்கு அது. இந்தக் கவச டைனோசர் கூட்டத்தைச் சேர்ந்த பொரியலோபெல்டா என்ற ஒன்று 2011-ல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் ஒரு சுரங்கத்தில் கிடைத்தது. 11 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அதன் வயிற்றில் கடைசியாகத் தின்ற உணவு அப்படியே இருந்தது. பெரும்பகுதி பெரணி இலைகள், கூடவே கரித்துண்டுகள். காடு எரிந்த இடத்தில் புதிதாகத் துளிர்த்ததை மேய்ந்திருக்கிறது என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இதை என் மகளுக்கு விளக்க நான் எங்கும் அலையவில்லை. பெருமாள்மலைப் பக்கம் கோடையில் எரிந்த சரிவுக்கு அவளைக் கூட்டிப் போனேன். கரிந்த புல்லுக்கு நடுவே, சுருட்டி வைத்த விரல் மாதிரி பெரணிக் குருத்துகள் எழுந்து நின்றன. ஒன்றைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்போ புக்குல ஏன்மா பொய் போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் பக்கத்தில் இது ஸ்டெகோசாரஸ் என்ற இன்னொரு டைனோசருடன் சண்டை போடுகிறது. ஸ்டெகோசாரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன். அன்கைலோசாரஸ் வாழ்ந்ததோ 6.8 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்திருக்கவே முடியாது. அன்கைலோசாரஸைக் கண்டெடுத்த இடம் சீனா என்று கையேட்டில் போட்டிருப்பதும் தவறு. அமெரிக்காவின் மொன்டானாவில் 1906-ல் கிடைத்த எலும்புகளை வைத்து தொல்லுயிர் ஆய்வாளர் பார்னம் பிரவுன் 1908-ல் சூட்டிய பெயர் இது.

வால் குண்டை "அலங்காரம்" என்று எழுதியிருப்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. வால் நுனி முதுகெலும்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு கோடரிக் காம்பு போல விறைத்திருக்கும். அதன் முனையில் தோலுக்குள் வளரும் எலும்புகள் சேர்ந்து குண்டாகும். பெரிய குண்டால் எலும்பையே முறிக்க முடியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் வாசலுக்கு வரும் காட்டுமாடு ஒன்றே ஒரு டன் இருக்கும், அதற்கே தெரு ஒதுங்கி நிற்கிறது. இதுவோ குறைந்தது நான்கைந்து மாடுகளின் எடை. அதன் ஆயுதத்தை அலங்காரம் என்பீர்களா?

எனக்கு வேண்டியது இரண்டு. வால் உறுதியாக உள்ள பொம்மை ஒன்று, அல்லது என் 1,250 ரூபாய். அடுத்து, திருத்திய கையேடு. எனக்கு மட்டுமல்ல, இதை வாங்கிய எல்லோருக்கும் அனுப்புங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

உடைந்த குண்டையும் கையேட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் உங்கள் செலவில் கூரியர் ஆளை அனுப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்