தயிர் டப்பாவில் பேரீச்சை

டொராண்டோ,
நவம்பர் கடைசி.

அன்புள்ள சுயம்பு,

பனங்கிழங்குக்குப் பாத்தி போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய், எத்தனை கொட்டை என்று எழுதவில்லையே. ஐந்நூறு இருக்குமா? உன் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

'பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்து பேரீச்சை வளர்க்கிறாயாமே, புத்தி கெட்டுப்போச்சா?' என்று கேட்டிருக்கிறாய். கதையைக் கேள்.

போன வருஷம் நோன்பு சமயத்தில் பக்கத்து வீட்டு ஈரான்காரர் ஒரு பெட்டி பழம் கொடுத்தார். தின்றுவிட்டுக் கொட்டையைக் குப்பையில் போடக் கை வரவில்லை. பன்னிரண்டைப் பொறுக்கிக் கழுவி, தினம் தண்ணீரை மாற்றி இரண்டு நாள் ஊறவைத்தேன். அப்புறம் ஈரத் தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். வீட்டில் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிற இடம் அதுதான். பத்து நாள் ஒன்றும் இல்லை. இருபது நாளும் ஆச்சு. மசாதா கோட்டையில் தோண்டி எடுத்த, ஏறத்தாழ 2000 வருஷத்துப் பேரீச்சங்கொட்டை ஒன்று இஸ்ரேலில் 2005-இல் முளைத்ததே, நம்முடையதற்கு என்ன அவசரம் என்று தேற்றிக்கொண்டேன். இருபத்து மூன்றாம் நாள் பையைத் திறந்தால், ஒரு கொட்டையின் முதுகில் இருக்கிற சின்னப் புள்ளி வழியாக வெள்ளையாக ஒரு குழாய் எட்டிப் பார்க்கிறது. அது மேலே வரவில்லை, கீழே வளைந்து போகிறது. அச்சு அசல் நம் பனங்கொட்டை! முதலில் கீழே இறங்கி வேர் பிடித்துவிட்டு, அந்தக் குழாயைக் கிழித்துக்கொண்டுதான் இலை மேலே வரும்.

இங்கேதான் நான் முட்டாள் ஆனேன். உன் அப்பாவோடு மணலைக் குவித்துப் பாத்தி போட்டவன் நான். 'மண்ணு பொலபொலன்னு உயரமா இருந்தாத்தாம்ல கெழங்கு நீளும்' என்று அவர் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. அப்படிப்பட்டவன், முளைத்த ஏழு கொட்டையையும் நாலு அங்குலத் தயிர் டப்பாவில் நட்டேன். இரண்டு மாதம் கழித்துக் கவிழ்த்துப் பார்த்தால், வேர் அடியில் முட்டி, போக இடமில்லாமல் சுற்றிச் சுற்றிப் பாய் முடைந்து வைத்திருந்தது. பிரிக்கும்போது இரண்டு போச்சு. மிச்சத்தை, இரண்டு லிட்டர் சோடா பாட்டில்களின் கழுத்தை வெட்டி, அடியில் ஓட்டை போட்டு, தேங்காய் நார்த்தூளும் பருமணலும் சரிபாதி கலந்து மாற்றினேன்.

அதற்கப்புறம் கொன்றது தண்ணீர். தினம் காலையில் நான் காப்பி குடிக்கும்போது அதற்கும் ஒரு மடக்கு ஊற்றினேன். இலை மஞ்சளானதும் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். கடைசியில் பிடித்து இழுத்தால் சும்மா கையோடு வந்தது, வேரில் அழுகல் வாடை. இரண்டு கன்று இப்படிப் போனது. இப்போதெல்லாம் விரலை விட்டுப் பார்ப்பேன். முதல் கணு வரைக்கும் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். குளிர்காலத்தில் அது பத்து நாளுக்கு ஒரு தடவைகூட ஆகும்.

குளிர் ஒரு பக்கம் என்றால், வீட்டுக்குள் ஹீட்டர் காற்று மனிதனையே வற்றலாக்கிவிடும். போன ஜனவரியில் இலையெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டினேன். மிளகாய்ப்பொடி தூவின மாதிரி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பொடி நடக்க ஆரம்பித்தது! சிலந்திப்பேன். வறண்ட காற்று என்றால் அதற்குக் கொண்டாட்டம். வாரம் ஒரு தடவை குளியலறைக்குத் தூக்கிப்போய் ஷவரில் இலையின் இரண்டு பக்கமும் கழுவினேன். முட்டை பொரிந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒரு மாதம் விடாமல் செய்ய வேண்டியிருந்தது. 'பெத்த பிள்ளையக்கூட நீங்க இப்படிக் குளிப்பாட்டினதில்ல' என்றாள் வீட்டுக்காரி. பதில் சொல்ல முடியவில்லை.

சரி, உன் மகள் தொட்டியில் வளர்க்கிற அரிகா பாம் செடிக்கு இலை நுனி கருகுகிறது என்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். பேர்தான் அரிகா, ஊர் மடகாஸ்கர். நம் பாக்கு மரம் இல்லை, அதனால் வெற்றிலைக்குக் காத்திருக்க வேண்டாம் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிடு. நுனி கருகுவதற்குப் பெரும்பாலும் உப்புத் தண்ணீரோ, ஏசி காற்றோ, உரம் கூடியதோதான் காரணம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று அதற்கு ஊற்றுகிறாளா, கேள். ஊற்றினால் முதலில் அதை நிறுத்தச் சொல். மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் நல்லது. நானே பால்கனியில் விழுகிற பனியை வாளியில் அள்ளி, உருக்கி, அறைச் சூட்டுக்கு வந்தபின் ஊற்றுகிறேன். ஜன்னல் பக்கத்தில் வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் நேராக விழக் கூடாது. ஒரே தொட்டியில் பத்துப் பதினைந்து நாற்று நெருக்கமாக இருக்கும், அதைப் பிரித்து நடுகிறேன் என்று கிளம்ப வேண்டாம். காய்ந்த நுனியைக் கத்தரிக்கலாம், பச்சையைத் தொடாமல். குருத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது போனால் அந்தத் தண்டே போச்சு என்று பனங்காட்டுப் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன!

என்னிடம் இப்போது மூன்று மிச்சம். ஒன்றரை வயசாகியும் ஓலை பிரியவில்லை, வருகிறவர்கள் கோரைப்புல்லா என்கிறார்கள். மே கடைசியில் பால்கனிக்கும், ராக்குளிர் பத்து டிகிரிக்கு இறங்கும் முன் திரும்ப உள்ளேயும் தூக்குவதே வேலை. பழமும் வராது. மூன்றில் எது ஆண், எது பெண் என்று பூத்தால்தான் தெரியும். அதுவரைக்கும் என் முட்டி தாங்க வேண்டும்.

பொங்கலுக்குப் பாத்தியைத் தோண்டும்போது ஓரத்தில் இருக்கிற ஒரு கிழங்கைப் பிடுங்காமல் விட்டுவை. அடுத்த சித்திரைக்கு வருகிறேன், வடலியாக, சின்னப் பனையாகக் கிளம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முளைத்த கொட்டையை வெட்டினால் உள்ளே இருக்கிற தவுணையெல்லாம் நீ ஒருத்தனே தின்றுவிடாதே.

உன்,
பால்துரை