ரெண்டு கட்டில்

அன்பின் குகன்,

உன்ர கடிதம் போன கிழமை வந்தது. முழங்கால் நோ எண்டும் எழுதியிருக்கிறாய், மாமரத்தில ஏறினன் எண்டும் எழுதியிருக்கிறாய். உனக்கு என்னத்தைச் சொல்லுறது!

நான் இன்னும் கனடாவில, வின்னிபெக்கில ஸ்கூல் பஸ்தான் ஓட்டுறன். பஸ்ஸில வாற ரெண்டு பொடியளின்ர அம்மம்மா கிரீ எண்ட பூர்வகுடி இனத்து மனுசி. ஒருநாள் கூப்பிட்டு பேனக் எண்டு ஒண்டு சுட்டுத் தந்தா. தேங்காய்ப்பூ போடாத எங்கட ரொட்டிதான்! முந்தி ரிசேர்வில, பூர்வகுடிகளுக்கெண்டு ஒதுக்கின நிலத்தில இருக்கேக்க, மாரியில வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸ் பழுதாப் போச்செண்டு அவவின்ர மூத்த மகளைச் சிறுவர் நலக்காரர் கொண்டுபோய் வளர்ப்புக் குடும்பமொண்டில விட்டவையாம். ஃபர்னஸ் திருத்தக் காசில்லை, பிள்ளையை வேற வீட்டில வளர்க்கக் காசிருந்திருக்கு.

அவ ஒராளின்ர கதையில்லை இது. பூர்வகுடி அமைப்புகள் 2007இல் குடுத்த முறைப்பாட்டுக்கு 2016இல் மனித உரிமைத் தீர்ப்பாயம் சொன்னதும் இதைத்தான்: ரிசேர்வுகளில பிள்ளையை வீட்டில இருந்து எடுத்தால் ஒட்டாவா, அதுதான் மத்திய அரசு, செலவு முழுக்கக் குடுத்தது, வீட்டில வைச்சுத் தாங்கிறதுக்கு அளந்துதான் குடுத்தது. 2021 குடிசன மதிப்பைப் பார். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையளில பூர்வகுடியினர் 7.7 வீதம், வளர்ப்புக் குடும்பங்களில இருக்கிற பிள்ளையளில 53.8 வீதம்.

2020 ஜனவரியில ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பூர்வகுடிகள் தங்கட பிள்ளையளுக்குத் தாங்களே சட்டம் எழுதி, ஒட்டாவாவையும் மாகாணத்தையும் பேச்சுக்குக் கூப்பிடலாம். ஒரு வருசம் நேர்மையா முயற்சி செய்தும் உடன்பாடு வரேல்லையெண்டாலும், அந்தச் சட்டம் மத்திய சட்டத்தின்ர பலத்தோட நிக்கும். இழுத்தடிச்சுச் சாகடிக்க ஏலாது. எனக்குப் பிடிச்சது அந்த இடம்தான். சஸ்கச்சுவான் மாகாணத்தில கவெசெஸ் எண்ட பூர்வகுடி மக்கள்தான் முதல் உடன்பாடு செய்தவை, 2021 ஜூலையில. ரெண்டு வருசத்துக்கு ஒட்டாவாவின்ர பங்கு 38.7 மில்லியன் டொலர். மூண்டாம் வருசம் திரும்பப் போய்க் கேட்டு நிக்கோணும், அது வேற கதை. கியூபெக் அரசு சட்டத்தை எதிர்த்து வழக்காடினது. 2024 பெப்ரவரியில உச்ச நீதிமன்றம் செல்லும் எண்டிட்டுது.

போன வருசம் அம்மம்மாவின்ர இளைய மகளுக்குச் சுகமில்லாமல் வர, அவையின்ர ஆக்களே நடத்துற அமைப்பில இருந்து ஒரு பிள்ளை வந்து, "என்ன வேணும்?" எண்டுதான் முதல் கேட்டதாம். ரெண்டு கட்டிலும் குளிர்ச் சட்டையளும் வந்தது. மெத்தையைத் தட்டித் தட்டி எனக்குக் காட்டினா.

அப்ப உன்ர நினைவுதான் வந்தது. நன்னடத்தை அலுவலரா இருக்கேக்க, ஒரு கிழவிக்குக் கைக்காசில கட்டில் வாங்கிக் குடுத்து, ரசீது எங்கையெண்டு மேலிடத்தில ஏச்சு வாங்கினாயே. அந்தக் காசு கடைசியில கிடைச்சதோ? மறக்காமல் எழுது.

உன்ர,
ரவி