எல்லா வண்டையும் ஆல்கஹாலில் போடாதீர்கள்

துறைமுகங்களில் மரக்கட்டைகளைச் சோதிக்கும் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகளுக்கு,

வணக்கம். பட்டையை உரித்துப் பார்க்கிறீர்கள். வண்டு சிக்கினால் ஆல்கஹால் குப்பியில் போட்டு, பெயரைக் கண்டுபிடித்து, பட்டியலோடு ஒப்பிடுகிறீர்கள். நல்ல வேலைதான். ஆனால் வண்டோடு வந்த பூஞ்சை அந்தக் குப்பியிலேயே செத்துவிடுகிறது.

சீனாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சிவப்பு டர்பன்டைன் வண்டு தன் சொந்த ஊரான வட அமெரிக்காவில் பெரிய வில்லன் இல்லை. வெட்டிய அடிக்கட்டை, தீப்பட்ட மரம், நோஞ்சான் மரம் என்று பிழைப்பை ஓட்டும். 1998இல் ஷான்ஷி மாகாணத்தில் கண்ணில் பட்ட அதே வண்டு, திடமாக நின்ற சீன பைன்களையே கொன்றது. 60 லட்சம் மரங்களுக்கு மேல் போயின.

வண்டை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. சீனாவில் அதனிடம் இருக்கும் பூஞ்சைகள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பவை அல்ல என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. சீனாவில் அந்த வண்டோடு திரியும் பூஞ்சைகளில் ஒன்று லெப்டோகிராஃபியம் புரோசெரம். அது தொற்றிய சீன பைன், 3-கேரீன் என்ற மணப்பொருளை அதிகமாக விடுகிறது. அந்த வாசனைக்கு மேலும் வண்டுகள் வந்து சேர்கின்றன. மரமே விருந்துக்கு அழைப்பது போல!

இந்தப் பூஞ்சையை நுண்ணோக்கியில் பார்த்தால் கரிய காம்பு, மேலே துடைப்பம் போல் விரிந்த கிளைகள், நுனியில் பளபளவென்று ஒரு சொட்டு. வித்துகள் நிறைந்த பசை அது. உரசிப்போகும் வண்டின் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், இதே சாயலில் இன்னொரு பூஞ்சையும் சீனாவில் இருந்தது. டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்த பிறகே தனி இனம் என்று உறுதியாகி, 2008இல் லெப்டோகிராஃபியம் சைனோபுரோசெரம் என்று பெயர் பெற்றது. வளர்க்க உயிருள்ள பூஞ்சை கையில் இருந்ததால் முடிந்த காரியம்.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். பத்து வண்டு கிடைத்தால் பாதியை ஆல்கஹாலில் போடுங்கள். மீதியை ஒவ்வொன்றாகத் தனித்தனிக் குழாயில், ஈரக் காகிதத் துண்டு வைத்து, குளிர்ச்சியாகப் பூஞ்சை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஒன்றாகப் போட்டால் ஒன்றின் பூஞ்சை இன்னொன்றில் ஒட்டிவிடும். சைக்ளோஹெக்ஸிமைடு என்ற பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த மால்ட் அகாரில் (பூஞ்சை வளர்க்கும் ஊட்டக்கூழில்) வண்டைத் தேய்த்தால் சாதாரணப் பூசணங்கள் பெரும்பாலும் அடங்கிவிடும், இந்த வகை எழுந்து வரும். அப்புறம் அறிக்கையில் வண்டின் பெயருக்குக் கீழே பூஞ்சைக்கும் ஒரு வரி விடுங்கள். பெயர் தெரியாவிட்டால், ஆய்வகத்தில் வளர்த்த அந்தப் பூஞ்சைக்குக் கொடுத்த எண்ணையாவது எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வகத்தில் பூஞ்சை வளர்ப்பவன்