டூயல் சிம் என்று போட்டால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் எப்போதாவது பட்டன் போன்களைப் பற்றி எழுதும்போது, ஒரு கட்டம் போட்டு 1.8 அங்குலத் திரை, 1000 எம்ஏஎச் பேட்டரி, விஜிஏ கேமரா, 32 ஜிபி வரை மெமரி கார்டு, எஃப்எம், டார்ச் என்று அடுக்கிவிடுகிறீர்கள். தப்பில்லை. ஆனால் இந்த போனை வாங்குகிறவர் பேசுவதற்குத்தான் வாங்குகிறார், பேசுவது சம்பந்தமான விவரம்தான் அந்தக் கட்டத்தில் இருப்பதில்லை.

அந்த 'டூயல் சிம்' என்கிற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிம் போட இடம் இருந்தால் இரண்டும் எப்போதும் வேலை செய்யும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்த வகை போன்களில் பெரும்பாலும் இருப்பது டூயல் ஸ்டாண்ட்பை, அதாவது சிக்னல் வாங்கி அனுப்பும் ரேடியோ ஒன்றே ஒன்றுதான், அதை இரண்டு சிம்மும் பங்கு போட்டுக்கொள்கின்றன. போன் சும்மா இருக்கும்போது இரண்டு எண்ணுக்கும் அழைப்பு வரும், சரி. ஒரு சிம்மில் பேச ஆரம்பித்ததும் ரேடியோ முழுக்க அந்தப் பக்கம் போய்விடும், இன்னொரு எண்ணுக்குக் கூப்பிடுகிறவருக்கு 'வேறு அழைப்பில் இருக்கிறார்' என்றுகூட வராது, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றோ அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றோ சொல்லிவிடும். தொழிலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமா? வழி இல்லாமல் இல்லை. தொடர்பு கிடைக்காதபோது மட்டும் ஒரு எண்ணின் அழைப்பு மற்ற எண்ணுக்குப் போகும்படி இரண்டிலும் கால் டைவர்ட் வைத்து, கால் வெயிட்டிங்கையும் ஆன் செய்துவிட்டால் பேச்சுக்கு நடுவே பீப் கேட்கும். திருப்பிவிடும் அழைப்புக்குக் காசு பிடிப்பார்களா என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் 2ஜியா 4ஜியா என்பது. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜியை மூடிவிட்டார்கள், அதோடு அங்கே வெறும் 2ஜி போன்களில் டார்ச்சும் எஃப்எம்மும்தான் மிச்சம். பட்டன் போன் பத்து வருஷம் உழைக்கும் என்று பெருமையாகச் சொல்கிறோம், அத்தனை வருஷம் நெட்வொர்க் இருக்குமா என்பதை யார் எழுதுவது? 4ஜி என்று போட்டிருந்தாலும் வோல்ட்டி வசதி, அதாவது 4ஜி நெட்வொர்க்கிலேயே பேசும் வசதி உண்டா, இரண்டு சிம்மிலும் உண்டா என்று சேர்த்து எழுதுங்கள். வோல்ட்டி இல்லாவிட்டால் பேசுவதற்கு அது மறுபடி பழைய நெட்வொர்க்கைத்தான் தேடிப் போகும்.

பேட்டரி இத்தனை நாள் நிற்கும் என்று நிறுவனம் சொல்வதை அப்படியே போடாதீர்கள், ஒரு சிம்மா இரண்டா என்று கேளுங்கள். இரண்டு சிம் என்றால் இரண்டு நெட்வொர்க்கோடும் போன் தனித்தனியாகத் தொடர்பு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதில் ஒன்றுக்கு சிக்னல் மங்கலாக இருந்தால் தேடித் தேடியே சார்ஜ் இறங்கும்.

விஜிஏ கேமரா என்பது 0.3 மெகாபிக்சல். அதற்குக் கட்டத்தில் ஒரு வரி கொடுப்பதே அதிகம் என்பேன். அந்த வரியில் தமிழைப் பற்றிப் போடலாமே! மெனு தமிழில் வந்தால் மட்டும் போதாது, வருகிற தமிழ்க் குறுஞ்செய்தி ஒழுங்காகத் தெரிகிறதா, கட்டம் கட்டமாகத் தெரிகிறதா, பட்டனில் தமிழ் அடிக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரே குறுஞ்செய்தி, தமிழில் 70தான், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனியாகக் கணக்காகி, 'கொ' என்று அடித்தாலே இரண்டு போய்விடும். கொஞ்சம் நீளமாக எழுதினால் இரண்டு மூன்று செய்தியாகக் கணக்கு ஏறும். இதையெல்லாம் தமிழ்ப் பத்திரிகை சோதித்துப் பார்த்து எழுதாவிட்டால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்